சளிதானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு இமை சரிந்ததால் பரிசோதித்தபோது மயஸ்தீனியா என்றார்கள். ஸ்கேனில் தைமோமா கட்டியும் தெரிந்தது. போன வருடம் ஆபரேஷன் ஆனது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், தசைக்கு வலுக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மினும் சாப்பிடுகிறார். குழந்தைகளுக்குச் சளி பிடித்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. 'சாதாரண சளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்கிறார் அவர். நான் அதிகமாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை, சகோதரி. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது மூக்கையும் இருமலையும் மட்டுமல்ல.

தைமஸ், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி. நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. அதில் வரும் கட்டிதான் தைமோமா. அது வரும்போது சிலருக்கு அந்த எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, தசைகளுக்கு நரம்பு சொல்லும் கட்டளையையே தடுத்துவிடுகிறது. அதுதான் மயஸ்தீனியா. கட்டியை எடுத்த பிறகும் அது தொடரலாம். ஃப்ளூவோ கொரோனாவோ வந்தால் அது திடீரென்று முற்றி, மூச்சுவிடும் தசைகளே தளர்ந்துபோகக்கூடும்.

இதில் ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. தசை தளரும்போது ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் இறங்கும். அதுவரை 97, 98 என்றே காட்டும். அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணட்டும். எத்தனை வந்தது என்று குறித்துவையுங்கள். சளி பிடித்த நாட்களில் காலையும் மாலையும் அதையே செய்யட்டும். 40 வரை எண்ணியவர் 20-லேயே நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குரல் மூக்கால் வருவது, தண்ணீர் புரையேறுவது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது, எல்லாமே அதே எச்சரிக்கைதான். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். பிரெட்னிசோலோன் காய்ச்சலை மறைத்துவிடும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

அப்புறம், மருந்து விஷயம். சளி, இருமல் என்றால் பலர் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது, மயஸ்தீனியாவை மோசமாக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசினும் அப்படியே. தைமோமா, ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் நோய். நடு இரவில் பார்க்கிற டாக்டர் அதற்கு முன் இந்த நோய் உள்ள ஒருவரைக்கூடப் பார்த்திருக்காமல் போகலாம். அது அவர் குற்றமில்லை. நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், கூடாத மருந்துகள், உங்கள் டாக்டரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் கணவரின் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இம்யூனோகுளோபுலின், அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களின் அளவு பார்த்தாயிற்றா? தைமோமா உள்ள சிலருக்கு இவை மிகக் குறைந்துவிடும் என்று 1954-லேயே ராபர்ட் குட் என்ற மருத்துவர் எழுதினார். கட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் அது சரியாவதில்லை. குறைவு என்றால் ஊசி வழியாக ஈடுசெய்யலாம்.

ஃப்ளூ தடுப்பூசி அவருக்கு அவசியம், உங்களுக்கும் குழந்தைகளுக்கும்தான். ஆனால் அவருக்கு மூக்கில் அடிக்கும் உயிருள்ள வகை வேண்டாம். ஃப்ளூ என்று தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தொடங்குவது நல்லது. முதல் நாளே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

குழந்தைகளை அவரிடமிருந்து பிரிக்க வேண்டாம். சளி இருக்கும் நாட்களில் முகக்கவசம், கை கழுவுதல், தனிப் படுக்கை போதும். இன்று மாலையே அவரை எண்ணச் சொல்லுங்கள், குழந்தைகளும் கூடவே எண்ணட்டும்.