காப்பு சர்வரிலும் அதே லைசென்ஸ் கீ: வக்கீல் நோட்டீஸ் வந்தால்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். கணக்கு, சரக்கிருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளை, ஒரு சர்வரில் மட்டும் இயக்கும் உரிமத்துடன் 2021-இல் வாங்கினோம். தீயோ வெள்ளமோ வந்தால் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கோவையில் இன்னொரு சர்வர் வைத்து, அதே லைசென்ஸ் கீயைப் போட்டு, இரவுதோறும் பேக்கப் எடுக்கிறோம். இப்போது விற்ற நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இரண்டாவது உரிமத்துக்கும், வாங்கிய நாள் முதல் அதற்கான பராமரிப்புக்கும் பணம் கட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் கிரிமினல் வழக்காம். பேக்கப் எடுப்பது குற்றமா? மாதக் கடைசியில் இங்குள்ள சர்வர் திணறும்போது சில அறிக்கைகளைக் கோவை சர்வரில் எடுப்பதுண்டு. கோவை சர்வரிலிருந்து அந்தப் பதிவுகளைத் துடைத்துவிடலாம் என்கிறார் எங்கள் மேலாளர்.

பதில்: துடைக்காதீர்கள். கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்தக் கடைசி வரிதான். நோட்டீஸ் கைக்கு வந்தபின், சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவில் தனிக் குற்றமாகிவிடும். இன்று உரிமத் தகராறாக இருப்பதை நீங்களே கிரிமினல் வழக்காக மாற்றிக்கொள்ள வேண்டாம். கோவை சர்வரின் லாக் கோப்புகளை, அதாவது எப்போது என்ன இயங்கியது என்று சர்வரே எழுதிவைக்கும் பதிவுகளை, அப்படியே பத்திரப்படுத்துங்கள். நாளை அவை உங்களுக்கே தேவைப்படலாம்.

பேக்கப் எடுப்பது குற்றமல்ல. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(ஏஏ) பிரிவில் அதைத் தெளிவாக அனுமதிக்கிறது. முறையாகப் பெற்ற நிரலை, இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகமாகக் காப்பதற்காக நகலெடுக்கலாம். ஆனால் காப்பு நகல், அந்த நிரல் தரப்பட்ட நோக்கத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உறங்கிக்கொண்டிருக்கும் நகலுக்குச் சட்டம் காவல் நிற்கும். மாதக் கடைசியில் அதை எழுப்பி, முதல் சர்வர் ஓடும்போதே பக்கத்தில் ஓடவிட்டால், அது இரண்டாவது இயக்கம். பேரிடர் எதுவும் நடக்காதபோது அதைக் காப்பு நகல் என்று வாதிடுவது கடினம்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் கோடு போடுகின்றன. மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரில், சாப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற கட்டணப் பராமரிப்புத் திட்டம் இருந்தால் பேரிடர் மீட்புக்கான சர்வருக்குத் தனி உரிமம் வேண்டாம். அதில் பேக்கப் எடுக்கலாம், தரவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கலாம். அறிக்கை எடுத்தால் சலுகை போய்விடும். இன்னொரு தரவுத்தள நிறுவனமான ஆரக்கிளின் உரிமக் கொள்கைப்படி, பொதுவான சேமிப்பகத்தைப் பகிரும் கிளஸ்டரில் (இணைத்து இயக்கும் சர்வர் தொகுப்பில்), முதன்மை இயந்திரம் நின்றுபோனால் மாற்று இயந்திரம் ஒன்றை ஓர் ஆண்டில் மொத்தம் 10 நாள் உரிமமின்றி இயக்கலாம். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம், வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் என்றால் அது இரண்டு நாளாகக் கணக்காகும். உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

விற்ற நிறுவனம் காட்டி மிரட்டுவது அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு. ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்பதைப் படித்தால் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் உரிமை மீறிய நகல் என்று அறிந்தே பயன்படுத்தியவருக்குத்தான் அந்தப் பிரிவு. பேக்கப்புக்காக என்று நம்பி வைத்தவரிடம் அந்த ‘அறிந்தே’ என்பதை நிரூபிப்பது எளிதல்ல. அறிக்கை எடுத்த நாட்களுக்காக ஒப்பந்த மீறல் என்று சிவில் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு நியாயமான தொகை பேசி முடிப்பதே நல்லது. வாங்கிய நாள் முதல் பணம் கேட்பதையும் அப்படியே ஏற்காதீர்கள். காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுக்கு முந்தைய கோரிக்கை நிற்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பல லைசென்ஸ் கீகள் சர்வரின் நெட்வொர்க் அட்டை எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். திருப்பூர் சர்வர் ஞாயிறு இரவு எரிந்துபோனால், கோவையில் தரவு முழுசாக இருந்தும் மென்பொருள் திறக்காமல் போகலாம். அந்த நேரத்தில் யாராவது கீ இல்லாமலே மென்பொருளைத் திறக்கும் ‘கிராக்’ கொண்டுவந்தால் தொடாதீர்கள். பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. உரிமையை மீறும் எண்ணமில்லை என்று வாதிட இடமுண்டு; ஆனால் அந்த வாதத்தைக் குற்றவாளிக் கூண்டில் நின்று சொல்ல நேரும். சமரசம் பேசும்போதே மீட்பு சர்வருக்கெனத் தனி கீ, சோதனை ஓட்டத்துக்கு ஆண்டில் இத்தனை நாள், விடுமுறை நாளிலும் அவசர கீ தர வேண்டிய கெடு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கீ கோப்பின் ஒரு பிரதியை இரண்டு சர்வர்களுக்கும் வெளியே வையுங்கள்.

பதில் நோட்டீஸில், அறிக்கை எடுத்ததை மறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அறிக்கை எடுப்பதை இன்றே நிறுத்துங்கள், பேக்கப் தொடரட்டும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகுமுன் 2021-ஆம் ஆண்டுக் கோப்பைப் புரட்டி, கோவை சர்வரில் அந்த கீயைப் போட்டது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் விற்ற நிறுவனத்தின் பொறியாளரே வந்து நிறுவியிருப்பார். அவர் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டோ அது பற்றிய ஒரு மின்னஞ்சலோ கிடைத்தால், முதலில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.