‘கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று எழுதினால் ஒப்பந்தம் ரத்தாகிவிடுமா?

கேள்வி: கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் புதிதாக எழும்பும் 400 வீட்டுக் குடியிருப்பில் 9,40,000 டாலருக்கு வீடு பேசி ஒப்பந்தம் போட்டோம். டெபாசிட் 28,200, டிசைன் சென்டரில் அப்கிரேடுக்கு 41,000 கட்டியாயிற்று. உள்ளே போக, வெளியே வர ஒரே சாலை. இரண்டாவது சாலை ஆறு மாதத்தில் திறக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தால் சங்கிலி போட்டுப் பூட்டிய இரும்பு கேட், கம்பிகளுக்கு நடுவே இடுப்பளவு காய்ந்த புல். ஆகஸ்டில் பக்கத்து மேட்டில் புல் பற்றியபோது, நெடுஞ்சாலைக்கு 2 மைல் வர 50 நிமிடம் ஆனது. மாமியாருக்கு 74 வயது, முழங்கால் அறுவை ஆனவர். போன மாதம் பில்டர் ‘திருத்திய இயற்கை ஆபத்து அறிக்கை’ அனுப்பினார். அதன்படி எங்கள் மனை இப்போது மிக உயர் தீ அபாய மண்டலத்தில் இருக்கிறது. குளோசிங்குக்கு, அதாவது பணம் முழுதும் கட்டி வீடு எங்கள் பெயருக்கு மாறும் நாளுக்கு, 19 நாள்தான். 35,000 திருப்பித் தருகிறேன், விலகிக்கொள்ளுங்கள் என்கிறார் பில்டர். பில்டர், கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) இருவர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் ஆறு பக்கக் கடிதத்தையும் இணைத்திருந்த மின்னஞ்சல்களையும் முழுக்கப் படித்தேன். விற்பனைப் பெண் சிரித்தது, மேலாளர் மூன்று முறை போனை எடுக்காதது, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தது எதுவும் வழக்குக்கு உதவாது. உதவுவது ஒன்றே ஒன்று. திருத்திய அறிக்கை வந்த அன்று இரவு 9.40-க்கு நீங்கள் அனுப்பிய இரண்டு வரி: “இதில் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டாவது சாலை திறக்காமல் இந்த வீட்டை எடுக்க மாட்டோம்.”

ஏன் என்றால், கலிபோர்னியா சிவில் சட்டம் 1103.3-ன்படி, ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆபத்து அறிக்கையில் முக்கியமான திருத்தம் வந்தால், வாங்குபவர் எழுத்தில் சொல்லி விலகிக்கொள்ளலாம். நேரில் தந்தால் மூன்று நாள், தபாலில் வந்தால் ஐந்து நாள். மின்னஞ்சலில் வந்தால் மூன்று என்றே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். மனை புதிதாக மிக உயர் தீ அபாய மண்டலத்துக்குள் வந்தது முக்கியமான திருத்தம்தான். 2025 பிப்ரவரி, மார்ச்சில் கால்ஃபயர் (மாநிலத் தீயணைப்புத் துறை), உள்ளூர்த் தீயணைப்புத் துறைகளின் பொறுப்பில் உள்ள பகுதிகளுக்குப் புதிய வரைபடங்களை வெளியிட்ட பிறகு இப்படித் திருத்திய அறிக்கைகள் வரத் தொடங்கின. சரியாக விலகியிருந்தால் டெபாசிட் முழுசும் உங்களுடையது.

ஆக, அந்த இரண்டு வரி விலகல் ஆகுமா என்பதே உங்கள் வழக்கு. ஆகும் என்று நான் வாதாடுவேன். ஆனால் நீங்கள் ‘விலகுகிறேன்’ என்று எழுதவில்லை, நிபந்தனை வைத்தீர்கள். அதைவிட மோசம், நான்கு நாள் கழித்து அதே மின்னஞ்சல் தொடரில் சமையலறைச் சுவருக்கு வெளிர்சாம்பல் டைல் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நடைக்குப் போய், குறைகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த டைல் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

இதில்தான் வருஷா வருஷம் ஆட்கள் விழுவதைப் பார்க்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரு பக்கம் சண்டைக் கடிதம், இன்னொரு பக்கம் வட்டி விகிதம் லாக் பண்ணுவது, திரைச்சீலைக்கு அளவெடுப்பது. எதற்கும் வீடு கையை விட்டுப் போகக்கூடாதே என்ற எண்ணம். வீடு வேண்டுமா, பணம் வேண்டுமா என்று இன்று இரவே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பணம் என்றால், இனி வாங்குபவர் செய்கிற ஒரு காரியத்தையும் செய்யாதீர்கள். டைல் வேண்டாம், நடை வேண்டாம், கடன் கம்பெனிக்குப் புதுப் பத்திரம் வேண்டாம்.

இன்னொரு குழி இதைவிட ஆழம். ‘எதிர்ப்புடன் கையெழுத்திடுகிறேன்’ என்று எழுதிக் குளோசிங்கை முடித்துவிட்டு, அப்புறம் வழக்குப் போடலாம் என்ற யோசனை. உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் அது இருக்கிறது. செய்யாதீர்கள். மோசடி வழக்கில் நீங்கள் அவர்கள் சொன்னதை நம்பி வாங்கியதாகக் காட்ட வேண்டும். கேட் பூட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பியவர், சாலை திறக்கும் என்று நம்பி வாங்கினேன் என்று எப்படிச் சொல்வார்? உங்கள் புகார்களே உங்களுக்கு எதிரான சாட்சி.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள், வேறு பில்டர், இதே மாதிரி ஒரே வாசல். எதிர்ப்புடன் வாங்கினார்கள், சண்டை போட்டார்கள், களைத்துப்போய் விற்கக் கிளம்பினார்கள். மறுவிற்பனையில் விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கிய விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். தெருவைக் காலி செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று இவர்களே பில்டருக்கு எழுதிய கடிதங்களை வாங்க வந்தவரிடம் நீட்டும்படி ஆயிற்று. நான்கு பேர் பார்த்தார்கள், நான்கு பேரும் போனார்கள். அதே தெருவில் பில்டர் புது வீட்டைச் சலுகையோடு விற்றுக்கொண்டிருந்தார். என் அலுவலகத்தில் அந்த அம்மா கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவுன்ட்டி மீது வழக்குப் போகாது. திட்ட அனுமதியைச் சுற்றுச்சூழல் சட்டத்தில் எதிர்க்க, முடிவு அறிவிப்பு பதிவான நாளிலிருந்து 30 நாள். மனைப்பிரிவு வரைபடத்தை எதிர்க்க 90 நாள். இரண்டும் நீங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன. நண்பர் அனுப்பினார் என்றீர்களே, லேக் கவுன்ட்டியின் குவெனாக் பள்ளத்தாக்குத் தீர்ப்பு, அது 2022 ஜனவரியில் வந்தது. ஏற்கனவே அங்கே குடியிருப்பவர்கள் தீயின்போது வெளியேறுவதைப் புதுத் திட்டம் எப்படிப் பாதிக்கும் என்று ஆராயவில்லை என்று நீதிமன்றம் அனுமதியை நீக்கியது. அட்டர்னி ஜெனரலும் சேர்ந்து நடத்திய வழக்கு. கட்டும் முன் தடுக்கிற வழக்கு, வாங்கியவருக்கு டெபாசிட் வாங்கித் தரும் வழக்கு அல்ல. எஸ்பி 800 என்ற மாநிலச் சட்டம் கட்டுமானக் குறைக்கு, கூரை ஒழுகினால் பயன்படும், சாலைக்குப் பயன்படாது. இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி வெளியேறுவதும் கஷ்டம். வேறு கம்பெனி தராதபோது கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் 30 லட்சம் டாலர் வரை எடுத்துக்கொள்ளும், விலைதான் ஏறும்.

பூட்டிய கேட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் பிற்சேர்க்கை டி-யை ஏற்ற ஊர்களில், 30 வீட்டுக்கு மேல் போனால் தீயணைப்பு வண்டிக்கு இரண்டு வழி வேண்டும். அவசர வழி என்று பூட்டிய கேட்டே அந்தக் கணக்கில் சேரலாம். எல்லா வீட்டிலும் தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதிலும் விலக்கு உண்டு. ஸ்பிரிங்க்ளர் வீட்டைக் காக்கும், வரிசையில் நிற்கிற காரைக் காக்காது. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் காட்டுத்தீக்குத் தப்பக் காரில் கிளம்பியவர்கள் நெரிசலில் சிக்கிச் சாலையிலேயே நின்றார்கள். அந்தத் தீயில் 85 பேர் செத்தார்கள். உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் மாமியாரோடு அங்கே குடியேறாதீர்கள் என்கிறேன், வழக்குப் போடாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

இனி பணம். ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பிரிவை எடுத்துப் பாருங்கள். நீங்கள் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு 3 சதவீதம் வரை பில்டர் வைத்துக்கொள்வதைச் சட்டம் நியாயமானதாகவே எடுத்துக்கொள்ளும். நியாயமில்லை என்று நிரூபிப்பது உங்கள் பாரம். 28,200 அச்சொட்டாக 3 சதவீதம், வக்கீல் வைத்துப் போட்ட கணக்கு. அந்தப் பிரிவின் கீழே தனியாக உங்கள் கையொப்பமோ இனிஷியலோ இல்லையென்றால் உடனே எனக்கு எழுதுங்கள், கதையே மாறும். அப்கிரேடு 41,000-ஐ திருப்பித் தராத பணம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். அதோடு மோதலாம், ஆனால் ஒப்பந்தப்படி மோதுவது ஆர்பிட்ரேஷனில், அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் முன்னால். அதற்கு ஆகும் செலவு நீங்கள் கேட்கிற தொகையைத் தொட்டுவிடும்.

அந்த இரண்டு வரியைப் பேரத்துக்கு வையுங்கள். இந்த வாரமே உள்ளூர் வக்கீல் ஒருவர் மூலம் ஒரு கடிதம்: குறித்த தேதியில் 1103.3-ன்படி விலகியாயிற்று, டெபாசிட்டும் அப்கிரேடும் சேர்த்து 69,200-ம் வேண்டும். 35,000 என்று முதலிலேயே அவர்கள் வாயால் வந்திருக்கிறது என்றால் அவர்களுக்கும் அந்த வரி உறுத்துகிறது என்று அர்த்தம். 50,000 கேளுங்கள். 45,000 வந்தால் கையெழுத்துப் போடுங்கள். 35,000-லேயே நின்றாலும், குளோசிங் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அதையே வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். தேதி தாண்டினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகும், அந்த 35,000 பேச்சும் மறைந்துவிடும். இனி வழக்கில்லை என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில், இன்று தெரியாத கோரிக்கைகளைக் காக்கும் சிவில் சட்டம் 1542 பிரிவைக் கைவிடுவதாக எழுதியிருப்பார்கள், அது பரவாயில்லை. குடியிருப்பைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று ஒரு பத்தி இருந்தால் அதை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்து அந்த வீட்டைப் பார்க்க வருபவர் உங்களிடம் கேட்கலாம்.