மைக் பிடித்தவருக்காகப் பாவப்படாதீர்கள்

கேள்வி: வேலை மாற்றலாகி புவனேஸ்வரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் பெரிய ஹீரோவாக இருந்தாராம் ஓர் ஒரியா நடிகர். இப்போது டி.வி.யில் பாட்டுப் போட்டிக்குத் தொகுப்பாளர். போதாததற்கு, ஜாத்ரா என்று ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நடத்துகிற நாடக மேடைகளில் வேறு ராத்திரி முழுக்க நடிக்கிறார் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். பார்க்கவே பாவமாக இருக்கிறது. சின்ன மொழியில் நடிகனானால் கடைசியில் மைக் பிடித்து நிற்பதுதான் கதியா?
- ஒரு வாசகர், புவனேஸ்வர்

பதில்: அந்த 'சின்ன' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடியாவைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் மூன்றே முக்கால் கோடிப் பேர். போலந்தின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். போலிஷ் சினிமாவை யாராவது சின்ன மொழி சினிமா என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? படவிழா அரங்குகளில் பயபக்தியோடு அல்லவா உட்கார்ந்து பார்க்கிறோம்! 2014-ல் ஒடியாவுக்குச் செம்மொழித் தகுதியும் கிடைத்துவிட்டது. மொழிக்காகவே பிரிக்கப்பட்ட முதல் மாகாணம் ஒடிசாதான், 1936 ஏப்ரல் 1-ல். அதே மாதக் கடைசியில் முதல் ஒடியாப் பேசும்படம் 'சீதா விவாஹ' வெளிவந்துவிட்டது. மாகாணமும் சினிமாவும் ஒரே மாதத்துப் பிள்ளைகள்.

அப்புறம், 'ஒரியா' அல்ல, ஒடியா. 2011-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி மாற்றிய பெயர் இது. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் நம் பத்திரிகைகள் 'ஒரியா'வை விடுவதாக இல்லை. அந்த ஒலி வெள்ளைக்காரனுக்கு நாக்கில் வரவில்லை, 'ர' போட்டு எழுதிவிட்டுப் போனான். நமக்கு என்ன வந்தது? 'ட' நம்மிடம் இல்லையா? தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றால் கோபம் வருகிறதே, அதே கோபம் கட்டாக்கில் இருப்பவருக்கும் வரும்.

'வட்டார சினிமா' என்ற பிரயோகத்தின் மேலும் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒரு விமர்சக நண்பரோடு இருபது வருடமாக இதற்காகச் சண்டை போடுகிறேன். இந்தி எந்த வட்டாரத்திலும் சேராமல் ஆகாயத்திலா பேசப்படுகிறது? இதுவரை அவர் பதில் சொல்லவில்லை.

சரி, மைக்குக்கு வருகிறேன்.

ஒடிசாவின் மேற்கே பர்கட் என்று ஓர் ஊர். பௌஷ மாதத்தில், அதாவது நம் மார்கழி, தைப் பக்கம், பதினொரு நாள் அங்கே தனு ஜாத்ரா நடக்கும். கிருஷ்ணன், கம்சன் கதையை ஊர் முழுக்க நடித்துக் காட்டும் திருவிழா. அந்த நாட்களில் ஊரே மதுராபுரி. ஓடுகிற ஜீரா நதி யமுனை, அக்கரையில் இருக்கும் அம்பாபாலி கிராமம் கோகுலம். கம்சன் வேடம் போட்டவர்தான் ராஜா. யானை மேல் ஏறி நகர்வலம் வருவது வழக்கம், கையில் மைக்கோடு.

ஒரு முறை போய்ப் பார்த்தேன். சந்தைத் தெருவில் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு வாழைப்பழக்காரர் மட்டும் குனிந்து பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். யானை நின்றது. மேலே இருந்து ஒரு சிரிப்பு, ஒலிபெருக்கியில் தெருக்கோடி வரை போன சிரிப்பு. "ராஜா வருவது தெரியாத அளவுக்கு வியாபாரமா?" என்றார் கம்சன், அந்தப் பக்கத்துச் சம்பல்பூரிப் பேச்சில். பக்கத்தில் நின்றவர் எனக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். அபராதம் ஒரு சீப்பு. அரைச் சீப்பு தருகிறேன் என்றார் கடைக்காரர். பழம் எனக்கல்ல, யானைக்கு. அதனிடமே பேரம் பேசிக்கொள் என்றார் ராஜா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யானை காத்திருக்கவில்லை, தும்பிக்கையை நீட்டி முழுச் சீப்பையும் எடுத்துக்கொண்டது. கம்சன் உடனே, "பார்த்தாயா, மதுராவில் தீர்ப்பும் வசூலும் ஒரே நேரத்தில் நடக்கும்" என்றார். அடுத்த தெருவில் சாக்கடை நிறைந்து வழிந்தது. யார் பொறுப்பு என்று கேட்டு அதிகாரியைச் சபைக்கு வரச்சொன்னார். அங்கே அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கம்சன் கூப்பிட்டால் வந்து நின்று அபராதம் கட்டுவார்கள்.

அந்தப் பழக்காரரை ராஜா முன்கூட்டிப் பார்த்ததில்லை, யானை கையை நீட்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வர வேண்டும். நீங்கள் பாவப்படுகிற தொகுப்பாளர் செய்வதும் இதே வேலைதான். வசனம் எழுதிக் கொடுத்து நடிப்பதைவிட இது கடினம் என்பது என் கட்சி.

ஜாத்ராவும் இறங்குமுகத்தின் அடையாளம் அல்ல. அங்கே சினிமா, ஜாத்ரா, டி.வி. மூன்றும் ஒரே உழவனின் மூன்று வயல்கள். வருடத்தில் வெளியாகும் படங்கள் கொஞ்சம். பல மாவட்டங்களில் உருப்படியாக ஒரு தியேட்டர் கிடையாது. படம் போக முடியாத ஊருக்கு ஜாத்ரா கூடாரம் போகிறது, விடியவிடிய ஜனம் உட்கார்ந்து பார்க்கிறது. பெரிய குழுவோடு சீசனுக்கு ஒப்பந்தம் போட்ட நடிகருக்குச் சினிமாவைவிட நல்ல பணம் கிடைப்பதும் உண்டு. 2000-ல் அமிதாப் பச்சன் கடனில் இருந்தபோது டி.வி.க்கு வந்து கேள்வி கேட்டார். யாரும் பாவம் என்று சொல்லவில்லை, மறுவருகை என்று கொண்டாடினார்கள். இந்திக்காரர் செய்தால் மறுவருகை, ஒடியாக்காரர் செய்தால் கதி. இது நியாயமா?

ஒடிசாவில் டி.வி.யின் கதையே வேறு. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம், அமெரிக்கச் செயற்கைக்கோளை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு ஒளிபரப்பினார்களே, அதில் ஒடிசாவும் ஒன்று. பல பெருநகரங்கள் டி.வி.யைப் பார்ப்பதற்கு முன்பே சம்பல்பூர்ப் பக்கத்துக் கிராமத்தார் பொதுப் பெட்டியின் முன்னால் கூடி உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டி ஒடியாவில் பேசியது. அங்கே திரையில் நின்று தாய்மொழி பேசுகிறவருக்கு அன்றிலிருந்தே ஒரு மரியாதை உண்டு.

சாது மெஹரைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒடிசாவிலிருந்து பம்பாய் போனவர். 1974-ல் வந்த 'அங்குர்' படத்துக்காகச் சிறந்த நடிகர் தேசிய விருது வாங்கினார். என்ன வேடம் தெரியுமா? காது கேட்காத, வாய் பேசாத குயவன். ஒரு சொல்கூட இல்லை. எஜமான் சவுக்கால் அடிக்கும்போது அந்த முகம் எதற்கு அடி விழுகிறது என்று புரியாமல் திகைக்குமே, அதை நான் மறக்கவே இல்லை. தன் மொழியில் பேச வழியில்லாத ஊரில், பேசாமலே விருது வாங்கினார். அப்புறம் ஒடியாவுக்குத் திரும்பி 'அபிமான்' என்ற படத்தை இயக்கினார். 1977-ல் அதில் அறிமுகமானவர்தான் உத்தம் மொஹந்தி. நூற்று முப்பதுக்கும் மேல் ஒடியாப் படங்களில் நடித்து, 2025 பிப்ரவரியில் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள்.

உங்கள் தொகுப்பாளர் நிகழ்ச்சியை இந்த வாரம் மறுபடி பாருங்கள். மேற்கு மாவட்டத்துப் பிள்ளை யாராவது பாட வந்து, கடற்கரை ஒடியா வராமல் தயங்கி நின்றால், அவர் சட்டென்று சம்பல்பூரிக்கு மாறி இரண்டு வார்த்தை பேசுகிறாரா, அந்தப் பிள்ளையின் தோள் இறங்கிக் குரல் திறக்கிறதா என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.