ஐயாவோட மலாயா வெள்ளிக்காசு: எடைக்குப் போட்டுடலாமா?

கேள்வி: எங்க ஐயா பினாங்குல வட்டிக்கடை வச்சிருந்தவரு. அவரு பெட்டியில ஒரு டப்பா நிறைய பழைய காசு கெடந்துச்சு, ராஜா தலை போட்டது, சூலம் பிடிச்ச பொம்பளை போட்டது, சதுரமா செம்புக்காசு, கூடவே ஜப்பான்காரன் நோட்டு கொஞ்சம். நகைக்கடையில மொத்தமா நிறுத்து எடுத்துக்கிறேன்றாங்க. வாட்ஸ்அப்ல ஒருத்தர் ஒரு காசுக்கே 5 லட்சம் தர்றேன், பதிவுக் கட்டணம் 2,500 அனுப்புங்கன்றாரு. நாங்க மூணு பங்கு. என்ன செய்யலாம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: சார், மொதல்ல அந்த வாட்ஸ்அப் ஆளை பிளாக் பண்ணுங்க. பழைய காசு விக்கிறதுக்கு கமிஷன், வரின்னு ரிசர்வ் பேங்க் பேரைச் சொல்லி கறக்குறாங்கன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட்டுச்சு. விக்கிறவன்கிட்டயே பணம் கேக்குறவன் வாங்க வந்தவன் இல்ல.

நகைக்கடைக்காரர் ஏமாத்துறாருன்னு நான் சொல்லல, ஆனா மொத்தமா நிறுத்தா அவரு இருக்கறதுலயே மட்டமான காசை மனசுல வச்சுதான் ரேட் போடுவாரு, நட்டம் உங்களுக்கு. ஏன்னா ராஜா தலை போட்ட ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த அந்தக்கால பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) 'ஒன் டாலர்' ஒண்ணு இல்ல, மூணு வகை. 1903, 1904 காசு பெருசு, 26.95 கிராம், அதுல 90 சதவீதம் வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி 24 கிராமுக்கு மேல. அப்புறம் வெள்ளி விலை ஏறி, காசை உருக்குனா லாபம்ங்கற நிலைமை வந்ததால 1907ல சின்னதாக்கி 20.21 கிராமுக்கு கொண்டு வந்தாங்க, சுத்த வெள்ளி 18 கிராம் சொச்சம். 1919லேர்ந்து அஞ்சாம் ஜார்ஜ் தலையோட வந்தது 16.85 கிராம்தான், அதுலயும் பாதிதான் வெள்ளி, கணக்குப் போட்டா எட்டரை கிராம்கூட வராது. மூணுலயும் ஒரு டாலர்னுதான் போட்டிருக்கும், உள்ள இருக்கற வெள்ளி மூணுல ஒரு பங்காயிடுச்சு!

அதனால வருஷம் பார்த்துப் பிரிங்க, 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி ஒவ்வொண்ணா நிறுத்து நோட்ல எழுதுங்க. 1903 காசு கெடைச்சா லென்ஸ் வச்சுப் பாருங்க, பம்பாய் தங்கசாலையோட (காசு அடிக்கிற இடம்) இங்கிலீஷ் 'பி' எழுத்து சிலதுல மேடா, சிலதுல பள்ளமா இருக்கும், சேகரிக்கிறவங்க ரெண்டையும் தனித்தனி வகையாத்தான் பார்ப்பாங்க. சூலக்காரி போட்டது பிரிட்டிஷ் டிரேட் டாலர் (வெளிநாட்டு வியாபாரத்துக்குன்னு அடிச்ச வெள்ளிக்காசு), அதுக்கு 'பி' சூலத்தோட நடுமுனையில இருக்கும். இதுல போலி ரொம்ப ஜாஸ்தி, எடை 26.95ஐ விட்டு நல்லா விலகுனாலோ காந்தத்துல ஒட்டுனாலோ தனியா வைங்க. ஆறாம் ஜார்ஜ் போட்ட மலாயா 20 சென்ட்ல 1939 முக்கால் வெள்ளி, 1943, 1945 பாதி வெள்ளி, 1948லேர்ந்து வெள்ளியே இல்ல. சதுர செம்புக்காசை பேரப்பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு 1945லயே செல்லாததாயிடுச்சு, இன்னிக்கும் ஏகப்பட்டது சுத்துது, அத நம்பி ஒண்ணும் பிளான் பண்ணாதீங்க.

தயவுசெஞ்சு புளி போட்டு தேய்க்காதீங்க. வெள்ளி விலைக்கு மேல கெடைக்கிறது அந்தக் கருப்போட கெடக்குற பழைய முகத்துக்குத்தான், பளபளன்னு ஆக்கிட்டா திரும்ப எடைக்குத்தான் போடணும்.

சிங்கப்பூர்ல நல்ல விலைன்னு கூரியர் போட நினைச்சா வேணாம், நூறு வருஷம் தாண்டுன காசு சட்டப்படி தொல்பொருள், 1972 சட்டப்படி தனியாளு வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பரம்பரையா வந்ததுக்கு வரி கெடையாது, வித்து லாபம் வந்தாத்தான் பேச்சு, அப்ப 2001 ஏப்ரல் 1 மார்க்கெட் விலைய அடக்க விலையா காட்ட முடியுமான்னு ஆடிட்டர்கிட்ட கேளுங்க, பில் இல்லாம மட்டும் விக்காதீங்க.

பங்கு பிரிக்கறப்ப ஆளுக்கு இத்தனை காசுன்னு எண்ணிக் குடுக்காதீங்க, பத்து 1920 காசு வாங்குனவரு பத்து 1903 காசு வாங்குனவரைப் பார்த்து பின்னாடி சண்டைக்கு வருவாரு. சுத்த வெள்ளி கிராம் கணக்குல பிரிங்க, 'பி' எழுத்து சமாச்சாரம் இருக்கற காசை மட்டும் ஒதுக்கி வச்சு ரெண்டு மூணு நாணய வியாபாரிங்ககிட்ட விலை கேட்டு, வித்த பணத்தை மூணாப் பிரிச்சுக்குங்க.