ஒட்டுப்போட்ட பாலிமர் படலங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சிலிக்கான் தகட்டில் 20 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் பூசினேன். 100 டிகிரியில் வரவேண்டிய கண்ணாடி மாற்றம் (கண்ணாடிபோல் இறுகிய பாலிமர் சூட்டில் இளகத் தொடங்குவது) 87-லேயே வந்துவிட்டது. கருவிக் கோளாறா?

பதில்: இருக்காது. 1994-இல் கெட்டி, ஜோன்ஸ், கோரி மூவரும் கண்டது இதைத்தான்: படலம் மெலிய மெலிய டி.ஜி. (கண்ணாடி மாற்ற வெப்பநிலை) இறங்கும். காற்றைப் பார்த்திருக்கும் சங்கிலித் துண்டுகளை நெருக்கிப் பிடிக்க மேலே ஆளில்லை, அதனால் சீக்கிரம் அசைந்துவிடுகின்றன. ஆனால் பாலிமரைக் கரைத்துப் பூசிய டொலுயீன் கரைப்பான் மிச்சமிருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். 100 டிகிரிக்கு மேல், வெற்றிடத்தில் வைத்து அதை விரட்டினீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பாலிமர் சங்கிலியின் ஒரு முனையைத் தகட்டோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிட்டால், அதாவது ஒட்டுப்போட்டால், டி.ஜி. ஏறியே தீரும்தானே?

பதில்: எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு லட்சம் மூலக்கூற்று எடையுள்ள பாலிஸ்டைரீன் சங்கிலியில் ஏறக்குறைய ஆயிரம் அலகுகள் உண்டு. கட்டுப்படுவது ஒரு முனை. கண்ணாடி மாற்றத்தைத் தீர்மானிப்பதோ முழுச் சங்கிலியின் நடமாட்டம் அல்ல, சில நானோமீட்டருக்குள் நடக்கும் துண்டுகளின் அசைவு. கயிற்றைத் தூணில் கட்டினாலும் மறுமுனை ஆடத்தானே செய்யும்?

கேள்வி (அதே நண்பர்): ஏற்க மாட்டேன். நெருக்கமாக ஒட்டுப்போட்டால் சங்கிலிகள் தூரிகை மயிர்போல நிமிர்ந்து நிற்கின்றன. அது அசைவைத் தடுக்காதா?

பதில்: நல்ல மறுப்பு. தகட்டை ஒட்டிய அடுக்கில் தடுக்கலாம், மேற்பரப்பில் அந்தப் பிடி எட்டாது. நீங்கள் அளக்கும் ஒற்றை எண் இந்த இரண்டின் கலவை. அதனால்தான் ஏறியது என்று ஓர் ஆய்வும் மாறவில்லை என்று இன்னோர் ஆய்வும் சொல்கின்றன. ஒட்டு அடர்த்தியையும் தடிமனையும் சொல்லாமல் இரண்டையும் ஒப்பிடுவது வீண். தளமும் முக்கியம்: பிஎம்எம்ஏ (அக்ரிலிக் கண்ணாடியின் பாலிமர்) சிலிக்கா மேல் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகுவதால் அதன் டி.ஜி. ஏறும், தங்கத்தின் மேல் இறங்கும். அங்கே ஒட்டே போடவில்லை, கவனியுங்கள்!

கேள்வி: எலிப்சோமெட்ரியில் (ஒளியால் படலத் தடிமனை அளக்கும் முறை) கிடைத்த தடிமன்-வெப்பநிலை வரைபடத்தில் முறிவே தெரியவில்லை.

பதில்: தெரிவது கடினம்தான். 20 நானோமீட்டர் படலம் 50 டிகிரி குளிர்ந்தால் டி.ஜி.க்கு மேலே சுமார் 0.6 நானோமீட்டர் சுருங்கும், கீழே 0.2. அந்தச் சரிவு வித்தியாசம்தான் முறிவு. இரு பக்கமும் நீளமான நேர்க்கோடு கிடைக்கும்வரை அளங்கள். சூடேற்றும்போது வேண்டாம், குளிரும்போது அளங்கள்.

கேள்வி: குளிர்விக்கும் வேகம்?

பதில்: பத்து மடங்கு மாறினால் டி.ஜி. சுமார் 3 டிகிரி நகரும். வேகத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: சுவர்ப் பெயிண்டுக்கு எந்தப் பாலிமர்?

பதில்: என் துறை இல்லை. பூச்சு வேதியியலாளரைக் கேளுங்கள்.

கேள்வி: 30 நானோமீட்டர் படலம், டி.ஜி. குறைவாக வருகிறது, ஏன்?

பதில்: இதே கேள்வி எனக்கு வருவது இது நான்காவது முறை. முதல் பதிலைப் படியுங்கள், டொலுயீனை விரட்டிவிட்டு மறுபடி அளந்து வாருங்கள்.