.45 பிஸ்டலை பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிக்குத் தயார் செய்ய முதலில் எதை மாற்ற வேண்டும்?

முதலில் எதையும் மாற்றாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். புதிதாக 1911 என்னும் பழைய வடிவமைப்பில் வந்த .45 வாங்கியிருக்கிறேன், ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் அமைப்பு) போட்டியில் இறங்க வேண்டும், டிரிகர், ஸ்பிரிங், சைட், காம்பன்சேட்டர் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது) இதில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் இருக்கிறது, கிளப்பில் சேர்ந்து பாதுகாப்புப் பயிற்சியும் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடிக்கவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். கீழே இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"இன்னுமா .45? 9 மி.மீ. வாங்கச் சொல்லுங்கள்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். 9 மி.மீ. தோட்டா மலிவு, உதைப்பு குறைவு, மேகசினில் அதிகம் பிடிக்கும். எனக்கும் தெரியும். ஆனால் கேட்டவர் கையில் இருப்பது .45. அதை வைத்து ஆடுவதற்குக் காரணமும் இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் ஐபிஎஸ்சி தொடங்கிய நாளிலிருந்து துல்லியம், வலிமை, வேகம் மூன்றையும் சேர்த்துத்தான் இந்த விளையாட்டு அளக்கிறது. வலிமைக்குக் கணக்கு பவர் ஃபாக்டர். குண்டின் எடையை கிரெயின் என்னும் சிறிய எடை அலகிலும் அதன் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1911 வடிவப் பிஸ்டல்களுக்கான கிளாசிக் பிரிவில் 170 வந்தால் மேஜர், 125 வந்தால் மைனர். இதே விளையாட்டின் அமெரிக்க அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏ விதியில் மேஜருக்கு 165 போதும். டார்கெட்டின் நடுவிலுள்ள ஏ பகுதியில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. சி பகுதியில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி என்றால் 2, 1. கிளாசிக் பிரிவில் 9 மி.மீ.யை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் மேஜர் தர மாட்டார்கள்.

24 ரவுண்டு ஸ்டேஜ் (போட்டியின் ஒரு கட்டம்) ஒன்றில் 18 ஏ, 6 சி விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜருக்கு 114 புள்ளி, மைனருக்கு 108. 20 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபாக்டர், அதாவது புள்ளியை விநாடியால் வகுத்தது, 5.7, 5.4. அதே துப்பாக்கிக்காரர் மைனரில் 5.7 எடுக்க வேண்டுமானால் ஒரு விநாடிக்கும் கொஞ்சம் மேலே வேகம் கூட்ட வேண்டும். அந்த ஒரு விநாடி சும்மா வராது. மறுபக்கம், மேஜர் என்றால் மேகசினில் 8தான், மைனருக்கு 10. ஆகையால் .45காரர் ரீலோடை நன்றாகப் பழக வேண்டும். வேறு வழியில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். கடையில் கிடைக்கும் 230 கிரெயின் .45 தோட்டா பெரும்பாலும் 830 அடி வேகத்தில் போகும். பெருக்கினால் 190 தாண்டுகிறது. 170 போதும் என்னும் இடத்தில் இருபது கூடுதலாக உங்கள் மணிக்கட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதே 230 கிரெயின் குண்டு 760 அடி வேகத்தில் போனாலே 174க்கு மேல் வந்துவிடும். 170ஐத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 169 வந்தால் உங்கள் மேட்ச் முழுக்க மைனராக எண்ணப்படும். உதைப்பைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்க வேண்டியது தோட்டாவில். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை விட்டுவிட்டு பாகம் வாங்கக் கிளம்புகிறார்கள்.

அடுத்தது ரீகாயில் ஸ்பிரிங், பின்னால் போன ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) முன்னால் தள்ளுவது. ஐந்து அங்குல .45க்குப் பொதுவாக 16 பவுண்டு. "கனமான ஸ்பிரிங் போடு, உதைப்பு குறையும்" என்று எங்கள் கிளப்பில் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் சொல்வார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது போட்டிக்குப் பொருந்தாது. நான் 18, 16, 14, 12 என்று நான்கு ஸ்பிரிங் எடுத்துக்கொண்டு, ஒரே பெட்டித் தோட்டாவை, டார்கெட் எதுவும் வைக்காமல் மண் அணையைப் பார்த்துச் சுட்டேன். கண் முழுக்க முன் சைட்டின் சிவப்புப் புள்ளி மேல். 18இல் புள்ளி மேலே எழுந்தது, இறங்கும்போது பின் சைட்டின் பள்ளத்தில் நிற்காமல் அதற்கும் கீழே மூக்கைக் குத்தியது. கை அதைத் தூக்கிச் சரிசெய்த பிறகுதான் அடுத்த ரவுண்டு. ஸ்லைடு மூடும் வேகத்தில் துப்பாக்கியையே கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். 16இல் அந்தக் குத்தல் குறைந்தது. 14இல் புள்ளி எழுந்து, திரும்பி, இரண்டு தூணுக்கும் நடுவில் தானாக வந்து உட்கார்ந்தது. நான் எதுவும் செய்யவில்லை. 12 இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் காலிக் குப்பிகள் வெகுதூரம் பறந்தன, ஸ்லைடு ஃபிரேமில் மோதுவது உள்ளங்கையில் தெரிந்தது, அடுத்த தோட்டாவை ஏற்றுவதில் ஒரு சோம்பல். 14ஐ வைத்துக்கொண்டேன். இது என் தோட்டாவுக்கும் என் பிடிக்கும் சரியான எண். உங்களுக்கு 15 ஆகலாம். 190 பவர் ஃபாக்டர் தோட்டாவைச் சுட்டுக்கொண்டே 12 போட்டுவிட்டு ஃபிரேமில் விரிசல் விட்டது என்று என்னிடம் வராதீர்கள்.

இன்னொரு சின்னப் பாகம், யாரும் பேசாதது: ஃபயரிங் பின் ஸ்டாப். ஸ்லைடு பின்னால் போகும்போது ஹேமரை (சுத்தியலை) நெம்பிச் சாய்ப்பது அதன் கீழ் விளிம்புதான். அந்த விளிம்பு நன்றாக உருண்டிருந்தால் ஸ்லைடு எளிதாகத் திறந்துவிடும். கிட்டத்தட்ட சதுரமாக இருந்தால் தொடக்கத்திலேயே கொஞ்சம் தடுக்கும். அதனால் லேசான ஸ்பிரிங் வைக்க முடிகிறது, மூக்குக் குத்தலும் குறைகிறது. அளவு பார்த்து அரம் போட்டுப் பொருத்த வேண்டிய பாகம் இது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தெரிந்தவர் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. முன் சைட் மாற்ற மட்டும் ஒரு பட்டறையில் துப்பாக்கியைக் கொடுத்தேன். சைட்டோடு சேர்த்து டிரிகரையும் "இழைத்து" தந்திருக்கிறார்கள், நான் கேட்காமலே. தொட்டால் போதும், அவ்வளவு லேசு. அங்கே நின்றவர்களெல்லாம் இழுத்துப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அங்கேயே காலி என்று உறுதி செய்து, டம்மி ரவுண்டு வைத்து ஸ்லைடை மூடவிட்டேன். ஹேமர் பின்னாலேயே நிற்காமல், ஸ்லைடைத் தொடர்ந்து இறங்கி அரைக் கொக்கியில், அதாவது பாதி வழியில் அதைத் தடுக்கும் பள்ளத்தில், வந்து நின்றது. அது டம்மி இல்லாமல் நிஜத் தோட்டாவாக இருந்து, அரைக் கொக்கியும் பிடிக்காமல் போயிருந்தால், விரல் படாமலே வெடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ரவுண்டு தொடர்ந்து ஓடவும் வாய்ப்பு உண்டு. "சும்மா செய்து கொடுத்தோம், காசு வாங்கவில்லையே" என்றார்கள். புது சியரும் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) ஹேமரும் என் செலவில் வேறொருவரிடம் போட்டேன். போட்டியில் நன்றாகச் சுடுகிறவர்களில் பலர் மூன்று பவுண்டு பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். கிளாசிக் பிரிவில் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை கிடையாது என்பதற்காக ஒன்றரை பவுண்டுக்கு இறக்க வேண்டியதில்லை.

தம்ப் சேஃப்டியையும் சோதியுங்கள். இந்தப் பிஸ்டலை ஹேமர் ஏற்றி, சேஃப்டி போட்டுத்தான் ஹோல்ஸ்டரில் வைக்க வேண்டும். போடாமல் வைத்தால் அங்கேயே வெளியேற்றிவிடுவார்கள். காலித் துப்பாக்கி, பாதுகாப்பான திசை, இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, டிரிகரை நன்றாக இழுத்துவிட்டு விரலை எடுங்கள். இப்போது சேஃப்டியை இறக்கி, ஹேமரை விரலால் மெல்ல இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் நல்லது. சின்னதாக ஒரு 'டிக்' கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கி ரேஞ்சுக்குப் போகக்கூடாது.

மேகசினுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 1911இல் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி மேகசினில்தான் பிறக்கிறது, பழியைத் துப்பாக்கி சுமக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதுங்கள். சிக்கல் வரும்போதெல்லாம் எண்ணைக் குறித்துக்கொண்டால், குற்றவாளி சீக்கிரம் தெரிந்துவிடும். மண்ணில் விழுந்து விழுந்து உதடு (தோட்டாவைப் பிடிக்கும் மேல் விளிம்பு) விரிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்து கடைசித் தோட்டா தலை குனிந்து நிற்கும். அப்படிப்பட்டதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், மேட்சுக்கு வேண்டாம்.

தோட்டாவுக்கு ஒரு சோதனை. பேரலைக் கழற்றி சேம்பர் மேலே பார்க்கப் பிடித்து, தோட்டாவை விடுங்கள். 'டொக்' என்று இறங்கி உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். .45 ஏசிபி குப்பியின் வாய் விளிம்பில்தான் உட்காருகிறது, ஆகவே அங்கே பிசிறு இருந்தால் ஸ்லைடு முழுக்க மூடாது. மேட்சுக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு தோட்டாவையும் நான் இப்படிப் பார்ப்பேன். அதிகம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். 200 கிரெயின் வெட்டுமுனைக் குண்டு காகிதத்தில் அழகாக ஓட்டை போடும், ஆனால் எல்லாத் துப்பாக்கியும் அதை விழுங்காது. உருண்டை முனையில் ஆரம்பியுங்கள்.

சைட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் மெல்லிய ஃபைபர் ஆப்டிக், பின்னால் வெறும் கறுப்பு. முன் தூணின் இருபுறமும் நன்றாக வெளிச்சம் தெரிய வேண்டும். கைப்பிடியில் சொரசொரப்பான டேப் ஒட்டினால் போதும்.

சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்கிறேன். விலையுயர்ந்த துப்பாக்கியும் பேர் போட்ட ஜெர்சியுமாக வந்து, தன் முறை முடிந்ததும் நிழலில் போய் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். டார்கெட்டில் ஓட்டை ஒட்டுவது, விழுந்த இரும்புத் தட்டுகளை நிமிர்த்துவது எல்லாம் வயதானவர்கள் தலையில். உங்கள் ஸ்குவாடில் நீங்கள் அப்படி இருக்காதீர்கள். புதியவருக்குத் துப்பாக்கி பற்றி நான்கு நல்ல வார்த்தை கிடைப்பதும் ஒட்டுகிற இடத்தில்தான்.

காம்பன்சேட்டர் கேட்டிருந்தீர்கள். கிளாசிக் பிரிவில் அதுவும் கூடாது, ரெட் டாட் சைட்டும் கூடாது. மாட்டினால் ஓப்பன் பிரிவுக்குப் போய்விடுவீர்கள். அங்கே மேஜர் 160தான், ஆனால் எதிரில் நிற்பவர்கள் பெரிய மேகசினோடு .38 சூப்பர் அல்லது மேஜராக ஓட்டும் 9 மி.மீ. வைத்திருப்பார்கள். 8 ரவுண்டு .45ஐ எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம்.