கோல்கீப்பர் கிளவுஸில் அடிக்கும் நாற்றம் போக எப்படித் துவைப்பது?

உள்ளங்கையில் இருக்கும் லேடெக்ஸை (பந்தைப் பிடிக்க உதவும் ரப்பர் பரப்பு) விட, விரல்களுக்குள் தேங்கும் வியர்வையில் பெருகும் பாக்டீரியாதான் நாற்றத்துக்கு முக்கியக் காரணம். பலர் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு, நாற்றம் போகவில்லையே என்பார்கள்.

கையில் மாட்டிக்கொண்டே, 30 டிகிரியைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பேபி ஷாம்பு நாலைந்து சொட்டு விட்டு, உள்ளங்கைகளை மெதுவாகத் தேயுங்கள். பிரஷ் போட்டால் லேடெக்ஸ் துணுக்குத் துணுக்காக உதிரும். பிறகு கழற்றி, உள்ளேயும் நீர் ஊற்றி, நுரை நிற்கும் வரை அலசுங்கள். சோப்பு மிஞ்சினால் பந்து வழுக்கும்.

முறுக்கிப் பிழிந்தால் தையல் விட்டுவிடும். விரல்நுனியிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாக அழுத்தினாலே நீர் வடியும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள்; தாள் ஊறியதும் மாற்றுங்கள். வெயிலில் போட்டால் லேடெக்ஸ் காய்ந்து வெடிக்கும். வாஷிங் மெஷின், பிளீச் பேச்சே வேண்டாம். எடுத்துவைக்கும்போது உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது, பிரிக்கையில் பிய்ந்து வரும்.